ஞாயிறு விருந்துக்குத் திங்களிலிருந்தே கலோரி சேமிப்பு

டயட்டில் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் மீன் சாப்பாடோ, கிருஷ்ணகிரி பைபாஸில் பிரியாணியோ திட்டமிட்டிருந்தால், அன்று காலை பட்டினி கிடக்க வேண்டாம். திங்கள் முதல் சனி வரை, வழக்கமான டயட் அளவிலிருந்து தினமும் 100 கலோரி குறைத்து வாருங்கள். ஞாயிறன்று 600 கலோரி கூடுதலாகக் கையில் இருக்கும்.

எடை ஒரே நாள் சாப்பாட்டால் ஏறிவிடுவதில்லை. வாரக் கணக்கில் மொத்தம் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் முக்கியம். கை வைக்க வேண்டியது எண்ணெயிலும் டீச் சர்க்கரையிலும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது, தாளிப்பில் அதைக் குறைத்தாலே அன்றைய கணக்கு முடிந்தது. ராகிக் களியையும் கீரைக் கடைசலையும் குறைக்காதீர்கள், பசி தாங்குவதே அவற்றால்தான். ஞாயிறு காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பினால், மீன் அடுப்பில் இருக்கும்போதே பஜ்ஜிக் கடைக்குக் கால் போய்விடும்! ஒகேனக்கல்லில் நாம் வாங்கித் தரும் மீனைத்தான் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்பதால், பாதியை வறுவலுக்குப் பதில் குழம்பாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

வாரத்தில் மூன்று நாள் வெளியே சாப்பிடுபவர்களுக்கு இது உதவாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. முதலில் தின்றுவிட்டு அடுத்த வாரம் கழித்துக்கொள்ளலாம் என்பதும் பெரும்பாலும் நடப்பதில்லை.