வாஷிங் மெஷின் கொடுத்த 'சுருக்'

ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் எறும்பு கடித்தது போல் சுருக்கென்றது. டெஸ்டரை வைத்தேன்; மெஷினின் உடம்பிலேயே மினுக்கென்று எரிந்தது. ஒரு மாதம் மெஷினையே திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அதன்மேல் தவறில்லை.

மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைக் கழற்றினார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சை ஒயர், அதாவது எர்த் ஒயர், எதிலும் இணையாமல் உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தது. சாக்கெட்டில் எர்த்துக்காக மேலே இருந்த பெரிய ஓட்டை வெறும் அலங்காரம்! ஒயரை இணைத்த பிறகும் அவருக்குத் திருப்தியில்லை. ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்த்தார், மங்கலாகவே எரிந்தது; எர்த் சரியில்லை என்று அர்த்தம். தோட்டத்து எர்த் குழியில் இணைப்பு துருப்பிடித்திருந்தது. அதை மாற்றியதும் பல்பு பளிச்சென்றது, சுருக்கும் நின்றது.

அவர் சொல்லி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தினோம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எம்சிபி (ஃபியூஸுக்குப் பதிலான சுவிட்ச்) அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். ஆள் வழியே கசியும் சிறு மின்சாரம் அதற்குத் தெரியாது. ஆர்சிசிபியோ போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் கண்டால் நொடிக்குள் துண்டித்துவிடும். முதல் வாரம் கீசரைப் போட்டபோதெல்லாம் விழுந்து எரிச்சலூட்டியது. கீசரைக் கழற்றிப் பார்த்தால் ஹீட்டர் காயிலில் விரிசல்; மின்சாரம் கசிந்தது அதன் வழியேதான். இப்போது மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன்.