எலக்ட்ரிக் கிட்டாரில் அவுட்புட் ஜாக்கை எங்கே வைப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரிக் கிட்டாரைத் தாமே செய்கிறவர்கள் பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் இடம் குறிக்கையில் மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பார்கள். கேபிளின் பிளக்கைச் சொருகும் அவுட்புட் ஜாக்குக்கு மட்டும், எல்லா வேலையும் முடிந்த பிறகு, எங்கே இடம் மிச்சமிருக்கிறதோ அங்கே துளை போட்டுவிடுவார்கள். வாசிக்கும் நேரம் முழுவதும் கேபிளின் எடையையும், யாருடைய காலிலாவது அது சிக்கும்போது வரும் திடீர் இழுப்பையும் தாங்குவது அந்தச் சிறு துளையைச் சுற்றியுள்ள மரம்தான். ஆகவே, பிளக் சொருகி, கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையை மனத்தில் வைத்தே ஜாக்கின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, பாடியின் அடிமுனையில், தோளில் மாட்டும் வாரைப் பிடிக்கும் ஸ்ட்ராப் பட்டனுக்குப் பக்கத்திலேயே ஜாக்கை வைப்பது. பிளக்கைக் கழற்றாமல் கிட்டாரை ஒரு நிமிடம் சுவரில் சாய்த்துவைப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்போது மூன்று, நான்கு கிலோ எடையும் பிளக்கின் மேல் இறங்குகிறது. அப்படி உடைந்த ஒரு கிட்டாரைப் பழுதுபார்க்க நேர்ந்தபோது, ஜாக் தகட்டின் இரண்டு திருகுகளுக்கும் இடையே மர இழையோடு ஒரு விரிசல் ஓடி, விரல் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்ததைக் கண்டேன். பசை விட்டு இறுக்கிக் காயவைத்த பின்னும் அந்த இடத்தை நம்ப முடியாமல், உள்ளே இழைக்குக் குறுக்காக ஒரு மரத்துண்டை ஒட்டவேண்டியிருந்தது. அடிமுனை பெரும்பாலும் இழைகளின் வெட்டுமுகமாக இருப்பதால் அங்கே திருகுகளின் பிடிமானமும் குறைவு.

அதற்கு எதிர்த்திசையில் நடக்கும் தவறு, இடுப்பு வளைவை ஒட்டி ஜாக்கை வைப்பது. உட்கார்ந்து வாசிக்கும்போது தொடையில் அமர்வது அந்த வளைவுதான் என்பதால், பிளக் தொடையில் குத்தும். 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் ஜாக் இருக்கும் இடத்தைப் பாருங்கள்: இடுப்பு வளைவையும் ஸ்ட்ராப் பட்டனையும் விட்டு விலகி, கீழ்வளைவின் பக்க விளிம்பில் இருக்கிறது. கேபிளை ஸ்ட்ராப்புக்கும் பாடிக்கும் நடுவே நுழைத்துக் கொண்டுவந்து சொருகினால், இழுப்பு ஜாக்குக்கு வராமல் ஸ்ட்ராப்போடு நின்றுவிடும். கேபிள் மடங்காமல் வளைவதற்கு, பட்டனிலிருந்து நான்கைந்து விரற்கடையாவது தள்ளி ஜாக் இருக்க வேண்டும்.

துளை போடுவதற்கு முன் இதைச் சோதிப்பது எளிது. ஒரு பிளக்கை டேப்பால் குறித்த இடத்தில், நிற்க வேண்டிய கோணத்திலேயே ஒட்டி, உட்கார்ந்தும் நின்றும் வாசிப்பதுபோல் பிடித்துப் பாருங்கள்; ஸ்டாண்டிலும் ஒருமுறை வையுங்கள். ஸ்டாண்டின் கை பிளக்கில் இடிக்கிறதா என்பதை இதைத் தவிர வேறு வழியில் தெரிந்துகொள்வது கடினம்.

பாடியின் முகப்பில் ஜாக்கை வைப்பது தவறல்ல. 1958-இன் கிப்சன் இஎஸ்-335 கிட்டார் முகப்பு ஜாக்கோடுதான் வந்தது. ஆனால் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் நேர் பிளக் நெம்புகோலாக மாறி முகப்புப் பலகையை விரிக்கும் என்பதால், அங்கே எல் வடிவப் பிளக்கே நல்லது. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரின் சாய்ந்த பள்ளத் தகடு இதற்கு நேர்மாறு: அதில் தடித்த எல் பிளக்குகள் முழுதாக உள்ளே போவதில்லை. எந்த வகைப் பிளக்கைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யாமல் ஜாக்கின் வகையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

வெளியே எல்லாம் சரியாக அமைந்தும் உள்ளே இடம் போதாமல் தோற்றவர்கள் பலர். 6.35 மி.மீ. பிளக்கின் தண்டு ஏறத்தாழ 30 மி.மீ. உள்ளே போகும், அது போகும்போது ஜாக்கின் முனைச் சுருள்தகடு வெளிப்புறமாகத் தள்ளப்படும். காலியான ஜாக்கை மட்டும் பொருத்திப் பார்த்தவருக்கு இந்த அசைவு தெரியாது. ஜாக் அமரும் குழியின் சுவரில் இரைச்சலைத் தடுக்கும் செம்புத் தாளோ மின்கடத்தும் பெயின்ட்டோ இருந்து, அந்தத் தகடு அதில் பட்டுவிட்டால், சிக்னல் நேராக கிரவுண்டுக்குப் போய் ஆம்பில் சத்தமே வராது. பிளக்கை எடுத்துவிட்டு மீட்டரால் சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும் என்பதால் பழுதைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். பிளக் சொருகிய ஜாக்கை அளந்து, தகட்டைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விட்டுக் குழி வெட்டுங்கள். மீறிப் பட்டால் அந்தச் சுவரில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

பக்க விளிம்பில் ஜாக்கின் கழுத்து முழு மரத்தையும் தாண்டி வெளியே வராது என்பதால், பெரிய துளை போட்டுத் தகட்டின் மேல்தான் ஜாக்கை மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் தகடு காலப்போக்கில் பிளந்துவிடும். உலோகத் தகட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு தகும். நட்டுக்கு அடியில் பல்வாஷர் போடாவிட்டால் ஜாக் சுழன்று, சாலிடர் வைத்த ஒயர்களை முறுக்கி அறுத்துவிடும். ஒயரையும் சற்று நீளமாக விடுங்கள், ஜாக்கை வெளியே எடுத்துச் சாலிடர் வைக்கக் கை நுழைய வேண்டுமே. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் ஒயர்கள் இருக்கும் கன்ட்ரோல் குழியிலிருந்து ஜாக் தள்ளி இருந்தால், அந்தத் தூரத்துக்கு உலோக உறை போட்ட ஷீல்டு ஒயரையே பயன்படுத்துங்கள்.