உங்கட ஊர் மதகு வெள்ளத்தைத் தாங்குமோ எண்டு நாங்களே கணக்குப் பாக்கிறது எப்பிடி

மாரியில ரோட்டு மேல தண்ணி பாய்ஞ்ச உடன எங்கட சனம் சொல்லுறது, மதகு (ரோட்டுக்குக் கீழால தண்ணி போற வழி) சின்னன், பெரிசாக் கட்டித் தாங்கோ எண்டுதான். சிலவேளை அது சரி. ஆனா வன்னி தட்டை நிலம், கனக்க இடத்தில மதகில பிழை இல்ல, அதுக்குக் கீழ போற வாய்க்கால்தான் தூர்ந்து கிடக்கும், அங்க எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் காசுதான் வீண்.

அதால முதல் வேலை, வெள்ளம் நிக்கேக்க மதகின்ர ரெண்டு பக்கமும் தண்ணி மட்டத்தைப் பாருங்கோ. மேல்பக்கம் ஒரு அடிக்கு மேல உயர்ந்தும் கீழ்பக்கம் பதிஞ்சும் நிண்டா மதகு காணாது, இல்லாட்டி வாய் அடைபட்டிருக்கு. ரெண்டும் ஏறக்குறைய ஒரே மட்டமா ரோட்டுக்குக் கிட்ட நிண்டா குற்றம் கீழ. ரெண்டு பக்கமும் பெயின்ற்றால ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து வையுங்கோ. பழைய வெள்ளத்துக்கு, 2018 மார்கழித் தண்ணி எதுமட்டும் வந்தது எண்டு பக்கத்து வீடுகளில கேட்டா மதிலைக் காட்டுவினம்.

பிறகு வாற தண்ணி. கூகிள் எர்த்தில அந்த மதகுக்கு வடியிற காணியைச் சுத்திக் கோடு போட்டா பரப்பு வரும். ஹெக்டேயரை, மணித்தியாலத்துக்கு எத்தினை மில்லிமீற்றர் மழை எண்டதால பெருக்கி, மழையில நிலத்துக்க ஊறாம ஓடிவாற பங்கால பெருக்கி, 360 ஆல பிரிச்சா செக்கனுக்கு எத்தினை கனமீற்றர் எண்டு வரும். 150 ஏக்கர் வயல், அதாவது 60 ஹெக்டேயர், 50 மில்லிமீற்றர் மழை, நிலம் ஊறியிருக்கேக்க பங்கு 0.4 எண்டு வையுங்கோ: 3.3 கனமீற்றர். இது சின்னப் பரப்புக்குத்தான் சரி, பெரிய ஆத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

இதோட நிப்பாட்டிப்போடாதேங்கோ, எங்கட குளங்கள் ஒண்டுக்குக் கீழ ஒண்டாக் கிடக்கு, மேல்குளம் வான் (குளம் நிரம்பினா மிச்சத் தண்ணி வழியிற கட்டு) பாய்ஞ்சா அந்தத் தண்ணியும் இந்த மதகுக்குத்தான் வரும். வானின்ர நீளம் 10 மீற்றர், மேல ஒரு அடி தண்ணி போகுது எண்டா அதுமட்டுமே 2.8 கனமீற்றர் (1.7 ஐ நீளத்தால பெருக்கி, 0.3 ஐயும் 0.3 இன்ர வர்க்கமூலத்தையும் பெருக்குங்கோ). இதை விட்டுட்டுக் கட்டின மதகுதான் அடுத்த மாரியே உடைக்கும்.

இனி மதகு எவ்வளவு விடும். 900 மில்லிமீற்றர் ஹியூம் குழாயின்ர (கொங்கிறீற் குழாய்) வாய் 0.64 சதுர மீற்றர். ஒரு அடி மட்ட வித்தியாசத்தில தண்ணி செக்கனுக்கு 1.8 மீற்றர் அளவில ஓடும், அப்ப ஒரு குழாய் 1.1 கனமீற்றர்தான். வித்தியாசம் 10 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சா வேகம் 1 மீற்றர்தான், அதே குழாய் 0.65 க்கு இறங்கிடும். கீழ்ப்பக்கத்தைப் பாருங்கோ எண்டு நான் திரும்பத் திரும்பச் சொல்லுறது இதுக்குத்தான். மண் மூண்டில ஒரு பங்கு உயரத்துக்கு நிண்டா வாய்ப்பரப்பிலயும் 30 வீதம் கழிச்சு விடுங்கோ.

வாய்க்காலும் அப்பிடித்தான். அடி 1.5 மீற்றர், மேல் அகலம் 3.5, ஆழம் 1, கிலோமீற்றருக்கு 1 மீற்றர் சரிவு எண்டா, துப்புரவா வெட்டின மண் வாய்க்கால் 2.2 கனமீற்றர் கொண்டுபோகும். பத்தையும் புல்லும் அடர்ந்தா அது 1.1. ஒரு பிடி மண் வெட்டாம, புல்லை வெட்டினாலே கொள்ளளவு இரட்டிக்கும்! சரிவு பாக்க மேசன்மார் வச்சிருக்கிற தண்ணி லெவல் பைப் காணும்.

அளக்கிறதை ஆவணி, புரட்டாதியில காஞ்சிருக்கேக்க செய்யுங்கோ. மிதிவெடிப் பலகை நிக்கிற இடத்தில வாய்க்காலுக்க இறங்காதேங்கோ, வெள்ளத்தில குழாய் வாய்க்குக் கிட்டப் போகவே வேண்டாம், இழுத்திடும். மதகு எந்த ரோட்டில எண்டதைப் பொறுத்து பிரதேச சபையிட்டயோ வீதித் திணைக்களத்திட்டயோ குடுக்கோணும், சின்னக் குளத்து வாய்க்கால் எண்டா கமநல சேவை நிலையம், பெரிய குளம் எண்டா நீர்ப்பாசனத் திணைக்களம். கடிதத்தில ரெண்டு பக்கத்து மட்டமும் வாற தண்ணிக் கணக்கும் போட்டோவும் சேர்த்து, கமக்காரர் அமைப்பின்ர பேரில குடுங்கோ.