அடர் நிறம் பூசிய நடைவழிக்கு எது பொருந்தும்?

நடைவழிச் சுவருக்குத் தைரியமாக அடர் பச்சையோ கருநீலமோ அடித்துவிட்டீர்களா, சரி, இனி மற்ற எதுவும் அதோடு போட்டி போடக் கூடாது. முதலில் கதவுச் சட்டத்தையும் கூரையையும் பாருங்கள். பளீர் வெள்ளை அடித்தால் சுவர் வெட்டினாற்போல் தனியாகத் தெரியும், கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை என்றால் மென்மையாக ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

பலர் கோட்டைவிடுவது விளக்கில். நடைவழியில் பெரும்பாலும் ஜன்னல் இருக்காது, அதனால் நீங்கள் பார்க்கும் நிறத்தைத் தீர்மானிப்பதே பல்புதான். 2700 முதல் 3000 கெல்வின் (பல்பு ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான இதமான ஒளியில் சிவப்பு, டெரகோட்டா எல்லாம் உயிர்பெறும், நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும் 6500 கெல்வின் பல்பைப் போட்டால் அதே சுவர் வெளிறிப்போகும். எதை வாங்குவதற்கு முன்னும் துணித்துண்டையோ பெயின்ட் அட்டையையோ அந்தச் சுவரிலேயே ஒட்டி, பகலிலும் இரவில் விளக்கைப் போட்டும் பாருங்கள்.

அலங்காரத்துக்கு, சுவர் நிறத்துக்கு நிறச்சக்கரத்தில் (நிறங்களை வட்டமாக அடுக்கிய படம்) எதிரே இருப்பதைச் சின்ன அளவில் சேருங்கள்: நீலத்துக்கு ஆரஞ்சு, பச்சைக்குச் சிவப்பு, ஒரு பூச்சாடி அளவு போதும். மரம், பித்தளை இரண்டும் எந்த அடர் நிறத்தோடும் ஒத்துப்போகும். அப்புறம், படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நீள விரிப்பு போட்டால் இரு பக்கமும் 10 செ.மீ. தரை தெரியட்டும்.