கொழும்பு ஈரவளியில் சுடுவாயுவின் வெப்பநிலையை லேசரால் அளத்தல்

சுடுவாயுவின் வேகமான கொந்தளிப்புப் பாய்ச்சலுக்கு வெப்பவிணை (இரு உலோகக் கம்பிகளின் சந்தியால் வெப்பநிலை அளக்கும் உணரி) ஈடுகொடுக்காது. அதன் கம்பி சூடேறுவதற்குள் சுழிகள் கடந்துபோய்விடும். எரிவாயு அடுப்பின் சுடுவாயுவில் நீராவி எப்படியும் இருப்பதால், அதன் இரண்டு உறிஞ்சல் கோடுகளை (நீராவி ஒளியை உறிஞ்சும் குறுகிய அலைநீளங்களை) டயோட் லேசர்களால் ஒப்பிடுவதே கட்டுப்படியான வழி.

நன்கு சோதிக்கப்பட்ட சோடி 1391.7, 1343.3 நனோமீற்றர் கோடுகள். முதலாவதன் கீழ்மட்டச் சக்தி, அதாவது உறிஞ்சுமுன் மூலக்கூறு இருக்கும் நிலையின் சக்தி, அலையெண் கணக்கில் சென்ரிமீற்றருக்கு 1045, இரண்டாவதற்குச் சுமார் 1790. சூடு ஏற ஏற முதலாவதை விட இரண்டாவது வலுப்பெறும். இரண்டின் பரப்புகளையும் வகுத்தால் செறிவும் பாதை நீளமும் நீங்கி, வெப்பநிலை மட்டும் எஞ்சும். 1500 கெல்வினில் விகிதத்தில் 1% பிழை விட்டால் வெப்பநிலையில் ஏறத்தாழ 20 கெல்வின் பிழை வரும். ஆகவே தாரைக்கு வெளியேயுள்ள நீராவியின் சைகை சிறிதளவு கசிந்து கலந்தாலும் பெரிய விடயம்.

கொழும்பில் அந்தக் கசிவு அறை வளியிலேயே இருக்கிறது. 30 பாகை செல்சியஸ், 80% ஈரப்பதனில் வளியின் 3.3% நீராவி. எரிவாயுப் புகையில் அது 15% அளவுதான். சுடுவாயுத் தாரை 5 சென்ரிமீற்றர் அகலம், அறையூடான பாதை 50 சென்ரிமீற்றர் என்றால், கருவி அளப்பது பெரும்பாலும் அறையைத்தான். குளிர்ந்த நீராவி முதலாம் கோட்டையே பெருக்குவதால் வெப்பநிலை எப்போதும் குறைவாகக் காட்டும்.

ஒளியிழையைத் தாரையின் விளிம்புவரை கொண்டுபோங்கள். வில்லையையும் உணரியையும் உலோகக் குழாய்களுக்குள் பொருத்தி, நிமிடத்துக்கு 1 முதல் 2 லீற்றர் உலர் நைதரசன் விடுங்கள். வாயு வெளியேறும் துளை தாரையைப் பார்க்கக் கூடாது. இணைப்புக்குச் செப்புக் குழாயே நல்லது, சிலிக்கோன் குழாயின் சுவரினூடே ஈரம் ஊடுருவும். அடுப்பை அணைத்து, இரு குழாய்களையும் உறையொன்றால் இணைத்துப் பாருங்கள். 1391.7 கோடு முற்றாக மறைய வேண்டும். மறையாவிட்டால் உணரியின் மூடிக்குள் ஈரம் தங்கியிருக்கிறது, இன்னும் காத்திருங்கள். மறைந்த பின் கிடைக்கும் சைகையைப் பதிந்து, பின்னர் கழிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று: மேற்சொன்ன வளியின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 26 பாகை. லேசரை 20 பாகையில் குளிர்த்தினால் தாங்கியில் நீர் பூக்கும், மின்முனைகள் கெடும். அலைநீளம் பாகைக்குச் சுமார் 0.1 நனோமீற்றர் நகர்வதால், 30 பாகையில் இலக்கைத் தொடும் லேசரையே கேட்டு வாங்குங்கள்.

இனி வேகம். இரு லேசர்களின் மின்னோட்டத்தையும் 160, 200 கிலோஹேர்ட்ஸில் அதிரவிட்டு, ஒரே இழையில் சேர்த்து, ஒரே உணரியில் வாங்கலாம். மீடிறனே (அதிர்வெண்) அவற்றைப் பிரித்துத் தரும். அதிரவிட்ட மீடிறனின் இருமடங்கில் வரும் சைகையை அதே மீடிறனில் வரும் சைகையால் வகுத்தால், அடர்த்தி மாற்றத்தால் கற்றை ஆடுவதும் கண்ணாடியில் கரி படிவதும் பெரும்பாலும் விலகும். அதிர்வின் வீச்சம் கோட்டின் அரை அகலத்தைப் போல 2.2 மடங்காக இருக்கும்போது சைகை உச்சம். அந்த வீச்சத்தை அதே மீடிறனில் அளந்து சரிசெய்யுங்கள், மீடிறன் கூடக்கூட லேசர் அசையும் தூரம் சுருங்கும். செக்கனுக்கு 10 மில்லியன் மாதிரிகள் எடுக்கும் பதிவி போதும்.

சமாந்தர முகக் கண்ணாடி வேண்டாம். 3 மில்லிமீற்றர்த் தடிப்பில் அதன் இரு முகங்களிலும் தெறிக்கும் ஒளி போடும் குறுக்கீட்டு வரிகள் கோட்டோடு குழம்பும். ஆப்பு வடிவச் சாளரமும் சாய்முனை இழையும் வாங்குங்கள். உணரியின் முன் குறுங்குவியத் தூர வில்லை வைத்தால் ஆடும் கற்றை தப்பாது.

வருடலை (லேசரின் அலைநீளத்தைக் கோட்டின் குறுக்கே ஓட்டுவதை) 10 கிலோஹேர்ட்ஸில் வைத்தால், செக்கனுக்கு 100 மீற்றர் பாயும் வாயு ஒரு வருடலுக்குள் 1 சென்ரிமீற்றர் நகரும். கற்றைப் பாதையை விடச் சிறிய சுழிகள் தனியாகத் தெரியா, கிடைப்பது பாதைச் சராசரி. சைகைகளைச் சராசரி ஆக்கிவிட்டு வெப்பநிலை கணிக்காதீர்கள், தொடர்பு நேர்கோடல்லாததால் விடை சாயும். ஒவ்வொரு வருடலுக்கும் வெப்பநிலை கண்டு, பிறகு சராசரி எடுங்கள். வெப்பநிலை அறிந்த குழாய் உலையில் ஈரவளியை நிறுத்தி, 800, 1000, 1200 கெல்வினில் அளந்து பாருங்கள். அங்கே தெரியும் அலைவு கருவியின் இரைச்சல். அதன் மாறற்றிறனை (சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கச் சராசரியை) தாரையின் மாறற்றிறனிலிருந்து கழித்த பிறகே கொந்தளிப்பின் அளவைச் சொல்லலாம்.