அப்பாவுக்கும் பி.பி. உண்டு, ஆனாலும் ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டேன்

2015-ல் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது, ரிலீஸ் மெடிக்கல் போர்டு (பணியிலிருந்து விடுவிக்கும் முன் உடலைப் பரிசோதிக்கும் மருத்துவர் குழு) தாளில் ‘தந்தைக்கு ரத்தக்கொதிப்பு உண்டு’ என்று எழுதி, ஊனம் 30 சதவீதம், ‘நானா’ என்று முடித்து, பென்ஷனை மறுத்துவிட்டார்கள். பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்பதுதான் நானா.

இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பரம்பரை நோய் பணியால் வந்தது என்று வாதாடினால் நிற்காது. பணியால் கூடியது என்று மட்டும் கேளுங்கள். அப்பாவின் நோயை மறைக்கவே வேண்டாம்.

முதலில் ஆள் சேர்ப்பு மெடிக்கல் தாளைத் தேடுங்கள். என்னுடையது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது: 1998, பி.பி. 118/76, குறை எதுவும் இல்லை. கையில் இல்லாதவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, போர்டு தாளையும் சேர்த்து வாங்குங்கள்.

அப்புறம் ஒரு முழுத்தாளின் நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் எந்த ஊர், எத்தனை மாதம். வலது பக்கம் அந்த வருட பி.பி. பத்து வருடம் எல்லாம் நார்மல். லடாக்கில் உள்ள லே போய் இரண்டாவது குளிர்காலம், எம்.ஐ. ரூம் (யூனிட்டின் மருத்துவ அறை) சீட்டில் 160/104. பதினோராயிரம் அடிக்கு மேலே, நைட் டூட்டி. அந்த ஒரு சீட்டுதான் என் கேஸின் உயிர்.

அப்பீலில் 2013-ன் தரம்வீர் சிங் தீர்ப்பைக் காட்டுங்கள். சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும், போர்டு காரணம் எழுத வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய்க்கு அந்த அனுமானம் தானாகப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அதனால்தான் தேதியும் ஊரும் முக்கியம். 2023-ல் புது விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் போனால் இரண்டாவது அப்பீல், அப்புறம் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தள்ளிப்போடாதீர்கள். தாமதமாகப் போனால், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும்.