கிரேக்கம் பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்துசேர: புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் 2021ஆம் ஆண்டு நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் பூர்வீகம் கிரேக்கம் என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சத்து 24 ஆயிரம் பேர். வீட்டில் கிரேக்கம் பேசுவதாகப் பதிந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 30 ஆயிரம் பேர் மட்டுமே. நான் மெல்பர்னில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே விழுந்துவிடக்கூடிய பிள்ளைகள் இருவரை வளர்த்து வருகிறேன். என் மாமியார் கிரேக்க நாட்டின் கலமாத்தா நகருக்கு அருகிலுள்ள ஒரு மலைக்கிராமத்தில் பிறந்து, 1960களில் ‘பத்ரிஸ்’ என்னும் கப்பலில் இங்கு வந்தவர். பத்ரிஸ் என்றால் தாய்நாடு என்று பொருள். தாய்நாட்டை விட்டுப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற கப்பலுக்கு அந்தப் பெயர் இருந்ததை அவர் இன்றும் நினைவுகூர்வார்.

என்னைப் போலக் கிரேக்கக் குடும்பங்களில் மணம்புரிந்த தமிழர்களையும், இந்தச் சமூகத்தோடு நெருங்கிப் பழகுபவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் கண்டறிந்த வழி ஒன்றுதான். பண்பாட்டைப் பார்க்கும்படி அழைக்கப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் விலகிப்போனார்கள். அதில் தங்களுக்கென ஒரு வேலை ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் நிலைத்தார்கள். கீழே சொல்லும் ஒவ்வொன்றிலும் பிள்ளையின் கையில் எந்த வேலையைக் கொடுப்பது என்பதையே முதலில் முடிவு செய்யுங்கள்.

மொழி: யாயாவிடமிருந்து தொடங்குங்கள்

பாட்டியை யாயா என்றும் தாத்தாவைப் பப்பூஸ் என்றும் பிள்ளைகள் அழைப்பார்கள். வீட்டில் கிரேக்கம் நிலைக்குமா என்பதைப் பெற்றோரைவிட யாயாவே பெரும்பாலும் தீர்மானிக்கிறார். பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் அவரும் அன்பு மிகுதியால் தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்குவார்; ஓராண்டுக்குள் இருவருக்கும் இடையிலான மொழி மாறிவிடும். ஆகவே குழந்தை பிறந்தவுடனேயே யாயாவிடம் அமர்ந்து பேசி, குழந்தை எந்த மொழியில் கேட்டாலும் அவர் கிரேக்கத்திலேயே பதில் சொல்ல வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் கவலைப்படவோ கடிந்துகொள்ளவோ வேண்டாம். காதில் விழுந்துகொண்டே இருக்கும் மொழி, பேசப்படாத நாட்களிலும் உள்ளே ஊறிக்கொண்டுதான் இருக்கும்.

பெயர் சொல்லி அழைப்பதையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம். நாம் எட்டாம் வேற்றுமை என்று படித்த விளி, கிரேக்கத்தில் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. கண்ணன் கண்ணாவாவது போல யோர்கோஸ் என்பவரை அழைக்கும்போது யோர்கோ என்றும், நிகோஸ் என்பவரை நிகோ என்றும் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் பெற்றோருக்கு இது எளிதில் பிடிபடும்; பிள்ளைகளும் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

புலம்பெயர்ந்தவர்களின் கிரேக்கத்தில் கலந்துவிட்ட சொற்களைக் கேலி செய்யாதீர்கள். இங்குள்ள மூத்தோர் பலர் காரைக் ‘காரோ’ என்பார்கள். ஏதென்ஸில் அந்தச் சொல்லுக்குக் குதிரையோ கழுதையோ இழுக்கும் வண்டி என்று பொருள். கிரேக்க நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இந்தச் சொல்லுக்காக என் மகளைப் பார்த்துச் சிரித்த பிறகு, அவள் பல மாதங்கள் கிரேக்கத்தில் வாயே திறக்கவில்லை. இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது நம் தெருச்சொல், அது அவர்கள் சொல் என்று சொல்லிக்கொடுத்தாலே போதும்.

எழுத்தைக் கண்டு அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. எழுத்துகள் 24 மட்டுமே. 1982இல் பழைய உச்சரிப்புக் குறிகளை எளிமையாக்கிய பிறகு, சொல்லில் அழுத்தம் விழும் இடத்தைக் காட்டும் ஒரே ஒரு குறிதான் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. பிள்ளையின் கைப்பேசியில் கிரேக்க விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு, யாயாவுக்கு நாள்தோறும் ஒரு வரிச் செய்தி அனுப்பும் வேலையை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். ஆங்கில எழுத்தில் கிரேக்கத்தைத் தட்டச்சு செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் யாயாவுக்கு மட்டும் கிரேக்க எழுத்திலேயே போகட்டும்.

வார இறுதிக் கிரேக்கப் பள்ளிக்கு அனுப்புங்கள். வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே நடக்கும் வகுப்பு ஒரு மொழியை முழுவதும் தந்துவிடாது. அங்கே கிடைக்கும் பெரும்பயன், தன்னைப் போலவே இரண்டு உலகங்களில் வாழும் வேறு பிள்ளைகளோடு ஏற்படும் நட்புதான். வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓர் இலக்குத் தேவைப்பட்டால், தெசலோனிகியிலுள்ள கிரேக்க மொழி மையம் நடத்தும் ‘எல்லினோமாதியா’ சான்றிதழ்த் தேர்வை உலகின் பல நாடுகளிலிருந்தும் எழுதலாம். விக்டோரியா மாநிலத்தில் பள்ளி இறுதித் தேர்வுப் பாடங்களிலும் கிரேக்கம் இடம்பெற்றிருக்கிறது.

பெரிய வியாழனும் சிவப்பு முட்டையும்

கிரேக்கர்களுக்குக் கிறிஸ்துமஸை விடப் பாஸ்கா என்னும் ஈஸ்டரே பெரிய திருநாள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபை நாள் கணிக்கும் முறை வேறாக இருப்பதால், பல ஆண்டுகளில் அது மற்றவர்களின் ஈஸ்டருக்குச் சில வாரங்கள் கழித்து வரும். பள்ளி விடுமுறையோடு பொருந்தாது. பாஸ்கா ஞாயிற்றுக்கு முந்தைய பெரிய வெள்ளிக்கிழமைக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுப்பு எழுதிவையுங்கள். பெற்றோர் வேலைக்குப் போய்விடும் நாளைத் திருநாள் என்று பிள்ளை நம்பாது.

முட்டைக்குச் சாயம் ஏற்றுவது அதற்கு முந்தைய நாளான பெரிய வியாழனன்று. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் முழுமையாக ஒப்படைத்துவிடலாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடையில் விற்கும் சிவப்புச் சாயப்பொடியைப் பயன்படுத்தலாம். என் மாமியார் தவக்காலம் முழுவதும் சேர்த்துவைத்த வெங்காயத்தோலைத்தான் பயன்படுத்துவார். தோலை நீரில் போட்டு, நீர் கருஞ்சிவப்பாகும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, வினிகர் சேர்க்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து முன்னதாகவே எடுத்து வெளியே வைத்திருந்த முட்டைகளை அந்த நீரில் மெதுவாக இறக்கி, சிறு தீயில் வேகவிட வேண்டும். குளிர்ந்த முட்டையைச் சூடான நீரில் போட்டால் ஓடு வெடித்துவிடும். முட்டையின் மேல் ஒரு வோக்கோசு இலையை ஒட்டிவைத்து, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டி வேகவைத்தால், இலையின் வடிவம் வெளிறிய தடமாக விழும். ஆறிய பிறகு ஒலிவ எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் முட்டை மினுங்கும். முதலில் சாயமேறிய முட்டை தேவமாதாவுக்கு உரியது. அதைத் திருவுருவப் படத்தருகே அடுத்த பாஸ்கா வரை வைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை நள்ளிரவில் தேவாலயத்தின் விளக்குகள் அணைந்து, ஒரே சுடரிலிருந்து மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும். ஞானப்பெற்றோர் பிள்ளைக்கு வாங்கித்தரும் அலங்கார மெழுகுவத்தியின் பெயர் லம்பாதா. அந்தச் சுடரை அணையாமல் வீடுவரை கொண்டுவந்து, வாசல் நிலையின் மேற்கட்டையில் அதன் புகையால் சிலுவை வரைய வேண்டும். காரின் பின்னிருக்கையில் கையால் சுடரை மறைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி அமர்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் அதன் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே எழாது. வீட்டுக்கு வந்ததும் சிவப்பு முட்டைகளை மோதி உடைத்து, ஒருவர் ‘க்ரிஸ்தோஸ் அனெஸ்தி’ என்றால் மற்றவர் ‘அலிதோஸ் அனெஸ்தி’ என்பார். கிறிஸ்து உயிர்த்தார், மெய்யாகவே உயிர்த்தார் என்பது பொருள்.

ஆண்டின் மற்ற நாட்களிலும் பிள்ளைகளுக்கான வேலைகள் இருக்கின்றன. ஜனவரி 1 அன்று வெட்டும் வசிலோபிட்டா என்னும் கேக்கின் மாவுக்குள் காசை ஒளித்துவைக்கும் பொறுப்பை ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரும்பு முக்கோணத்தைத் தட்டியபடி வீடுவீடாகச் சென்று காலந்தா என்னும் திருநாள் பாட்டுகளைப் பாடுவதற்கு, தெருவில் கிரேக்கர் இல்லாவிட்டால் உறவினர் வீடுகளுக்குக் காரில் அழைத்துச் செல்லுங்கள். மார்ச் 1 அன்று சிவப்பு, வெள்ளை நூல்களை முறுக்கி மணிக்கட்டில் கட்டும் மார்த்திஸ் கயிற்றை அவர்களே திரிக்கட்டும். அது வசந்தத்தை வரவேற்கும் கயிறு. மெல்பர்னிலோ அன்று இலையுதிர்காலம் தொடங்குகிறது. இந்த முரணை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் இதைப் பற்றி நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள்.

பேரப்பிள்ளைக்குத் தாத்தா, பாட்டியின் பெயரை வைப்பது கிரேக்கக் குடும்பங்களிலும் பழைய வழக்கம். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ என்று என் மாமியாரிடம் சொன்ன நாளில், தமிழர்கள் மேல் அவருக்கிருந்த மதிப்பு உயர்ந்தது. பிறந்தநாளோடு, தன் பெயருக்குரிய புனிதரின் பெயர்நாளையும் பிள்ளைக்குக் கொண்டாடுங்கள்.

நடனம்

வெளியுலகம் கிரேக்க நடனம் என்று அறிந்திருக்கும் சிர்தாக்கி, 1964இல் வந்த ஒரு திரைப்படத்துக்காகப் பழைய நடன அசைவுகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. அதைக் கற்பதில் தவறில்லை. ஆனால் யாயாவின் ஊர் எதுவோ அந்த ஊர் நடனத்திலிருந்து தொடங்குவதே நல்லது. கிரீட் தீவுக்குப் பெந்தோசாலி, கருங்கடற்கரைக் கிரேக்கர்களுக்குப் பொந்திய நடனங்கள், எங்கள் வீட்டுக்குக் கலமத்தியானோஸ். கலமத்தியானோஸ் ஏழு தட்டுத் தாளம், மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரியும். நம் மிஸ்ர சாபு காதில் ஊறியவர்களுக்குக் கால் தானாகவே வரும்.

வட்டத்தின் முதலில் ஆடுபவரே நடனத்தை நடத்துகிறார். அவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே பல நேரம் ஒரு கைக்குட்டை இருக்கும். முதல்வர் சுழலவும் துள்ளவும் இரண்டாமவர் அதை இறுகப் பிடித்துத் தாங்குவார். திருமணங்களில் பெரியவர்களே முதலிடத்தை விடாமல் ஆடிக்கொண்டிருப்பதும், பிள்ளைகள் வாலில் தொற்றிக்கொண்டு இரண்டு சுற்று வந்துவிட்டு விலகுவதும் அடிக்கடி காணும் காட்சி. ஒரு பாட்டுக்காவது பிள்ளையை முதலிடத்தில் நிறுத்தி, கைக்குட்டையின் மறுமுனையைத் தாத்தா பிடித்துக்கொள்ளட்டும்.

யாயாவின் நினைவுகளைப் பதிவு செய்தல்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கேள்வி கேட்பவராகப் பேரப்பிள்ளை இருக்கட்டும். மகனிடம் சொல்லாதவற்றைப் பேத்தியிடம் சொல்வார்கள். ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் நான்கு வரியில் முடிந்துவிடும். ஒரு பழைய புகைப்படத்தையோ, கப்பலில் கொண்டுவந்த பின்னல் துணியையோ கையில் கொடுத்து, இதை யார் பின்னியது, எந்த அறையில் கிடந்தது என்று கேளுங்கள். கைப்பேசியை மேசைமேல் துணி விரித்து வைத்தால் இரைச்சல் குறையும். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, பேசுபவரின் பெயர், ஊர் ஆகியவற்றைப் பிள்ளை சொல்லட்டும்.

ஊரின் இன்றைய பெயரோடு பழைய பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிரேக்க அரசு ஆயிரக்கணக்கான ஊர்ப்பெயர்களை மாற்றியிருக்கிறது, பழைய ஆவணங்களில் முன்னைய பெயரே இருக்கும். குடும்பப் பெயரின் முடிவும் வழிகாட்டும்: ‘ஆகிஸ்’ என்று முடிவது பெரும்பாலும் கிரீட்டையும், ‘ஓபுலோஸ்’ தெற்கிலுள்ள பெலோபொனீஸ் தீபகற்பத்தையும், ‘இதிஸ்’ கருங்கடற்கரையையும் சுட்டும். அமெரிக்காவில் பாப்பாதோபுலோஸ் பாப்பாஸ் என்று சுருங்கியது போல இடையில் பெயர் மாறியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

1941 முதல் 1944 வரை ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் கிரேக்க நாட்டை ஆக்கிரமித்திருந்த காலத்தின் பட்டினியும், அதைத் தொடர்ந்து 1949 வரை நீண்ட உள்நாட்டுப் போரும் பல குடும்பங்களில் பேசப்படாதவை. யாயா மௌனமாகிவிட்டால் பதிவை நிறுத்திவிட்டுக் காப்பி போடுங்கள். அவர் தாமாகத் திரும்பிவரும் நாள் வரலாம், வராமலும் போகலாம், இரண்டையும் மதியுங்கள்.

ஊருக்குப் போவதும், சங்கத்தைக் கைமாற்றுவதும்

ஊருக்கு ஆகஸ்ட் மாதத்தில் போங்கள். 15ஆம் தேதி தேவமாதாவின் திருநாளுக்குப் பெரும்பாலான கிராமங்கள் நிரம்பிவிடும், ஒத்த வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். சுற்றுலா இடங்களைக் குறைத்து, உறவினர் வீட்டில் சில நாட்களாவது பெற்றோர் உடனில்லாமல் பிள்ளையை விட்டுவையுங்கள். மகன்களுக்குக் கிரேக்கக் குடியுரிமை பதிவு செய்வதாயிருந்தால், அந்நாட்டில் ஆண்களுக்குக் கட்டாய இராணுவ சேவை உண்டு என்பதால், தூதரகத்தில் விவரம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சங்கங்களைப் பற்றி எனக்கொரு மனக்குறை உண்டு. நாங்கள் முன்பு உறுப்பினராயிருந்த ஓர் ஊர்ச்சங்கத்தில் இளைஞர்களை அழைத்தது நாற்காலி அடுக்கவும் ஒலிபெருக்கி தூக்கவும் மட்டுமே; வரவுசெலவு ஏட்டை யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஃப்ளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸ் இதற்கு நேர்மாறு. 1905 முதல் தொதெக்கனீஸ் தீவுகளிலிருந்து கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பவர்கள் சென்று குடியேறிய அந்நகரில், ஒவ்வொரு ஜனவரி 6 அன்றும் நீரில் எறியப்படும் சிலுவையை மீட்கக் குதிப்பவர்கள் 16 முதல் 18 வயதுவரையிலான இளைஞர்கள். விழாவின் மையமே அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் சங்கத்தில் குறைந்தபட்சம் ஒரு விழாவின் பணத்தையும் நிகழ்ச்சி நிரலையும் இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களிடம் முழுமையாக விட்டுவிடுங்கள், அவர்கள் அதை ஆங்கிலத்தில் நடத்தினாலும் கூட.

பதின்வயதில் பிள்ளை எல்லாவற்றையும் வேண்டாம் என்றால், எல்லாவற்றையும் பிடித்துவைக்க முயலாமல் ஒன்றை மட்டும் விடாதீர்கள். என் மகன் பதினான்கு வயதில் சனிக்கிழமைப் பள்ளியை நிறுத்தினான், நடன வகுப்பையும் விட்டான். முட்டைச் சாயம் மட்டும் அவன் வேலையாகவே இருந்தது. அதை வேறு யாரிடமும் நாங்கள் கொடுக்கவில்லை. இப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. இவ்வாண்டு பெரிய வியாழனன்று, முழங்கால் வலியால் எழ முடியாத யாயா நாற்காலியில் அமர்ந்தபடியே நீர் சிவந்துவிட்டதா என்று கேட்டார். அவன் கரண்டியில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘லீகோ அகோமா, யாயா’ என்றான். இன்னும் கொஞ்சம், பாட்டி.